நீலக் கட்டம்

காரிலிருந்து லிஃப்ட் வரை
நூற்றுப் பதினேழு தப்படி.
ரூவியின் ஆகஸ்ட் வெயிலில்
கக்கத்துக் கட்டையின் அலுமினியப் பிடி
தோசைக்கல்.

போன வருடச் சான்றிதழ் செல்லாது,
புதிது வேண்டும் என்றார்கள் எச்.ஆரில்.
இடையில் முளைத்திருக்குமோ கால் என்று
நானும் ஒருமுறை
குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஏழாவது மனுவுக்கு
வாசலை ஒட்டி நீலம் பூசினார்கள்.
சக்கர நாற்காலிப் படம் காயுமுன்
அதன்மேல் ஏறி நின்றது
ஜி.எம்மின் லேண்ட் குரூஸர்.

"அஞ்சே நிமிஷம் சேச்சி"
டிரைவர் குஞ்ஞாலி
என் முகம் பார்க்கவில்லை.

சொன்னபடியே கிளம்பினார்.
டயர்த் தடமெல்லாம் நீலம்,
கேட்டைத் தாண்டி
ரவுண்டானா வரைக்கும்.

எனக்கென்று ஒதுக்கிய இடம்
என்னைவிட வேகமாகப்
போய்க்கொண்டிருந்தது.