நனையலாம், நனையக்கூடாது

பின்பக்கம் மேடை போட்டது
போன வருஷம், தண்ணீர் வடிந்த பிறகு.
ஹார்பரில் கழித்துக்கட்டிய மரச்சட்டம்,
இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய சேனல்,
நாலடி உயரத்தில் ஒரு தளம்.
அடுத்த தடவை வந்தால்
அடுப்பையும் எங்களையும் ஏற்றிக்கொள்ளலாம்.
இதுவரை ஏறியது
காயப்போட்ட நெத்திலியும் அதற்கு வந்த காக்காய்களும்தான்.

'அடியில சும்மாத்தான கெடக்குது' என்றாள் வடிவு.
'எர்ணாவூர்ல வாடகை இல்லாத எடம் வேற எங்க கெடைக்கும்?'

ஞாயிற்றுக்கிழமை அன்சாரி வந்தான்,
வெல்டிங் மெஷினுக்கும் சேர்த்து
ஷேர் ஆட்டோவில் இரண்டு சீட் காசு கொடுத்து.
குந்தியபடியே உள்ளே நகர்ந்து அளந்தான்.
'மூணே முக்கால். கதவு மூணரை.
தல இருக்கிறவன் எவனும் நிமிந்து நுழைய முடியாது.'

மேடை இடுக்கில் மழை ஒழுகாமலிருக்க
பழைய கல்யாண பேனரை
அடிப்பக்கம் இழுத்துக் கட்டினான்.
உள்ளே மல்லாந்து பார்த்தால்
யாரோ ஒரு மாப்பிள்ளை, பல் முழுக்கத் தெரிய,
எங்களை வருக வருக என்கிறான்.

சுவரில் அந்தக் கோடு.
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும்
எண்ணெய்க் கறுப்பாக மேலே வந்துவிடுகிற கோடு.
டேப்பை அதில் நிறுத்தினான் அன்சாரி.
மூணடி ஒரு அங்குலம்.
'மேல மிச்சம் எட்டு அங்குலம்.
ஒரு பலகை அடிச்சுத் தர்றேன்.
அதுல வெக்கிறது நனையாது.
கீழ வெக்கிறது ஒங்க இஷ்டம்.'

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை.
வீட்டைப் பிரித்து வெளியே போட்டோம்.
அவள் சொல்ல, நான் எடுத்துவைக்க.
கடப்பாரை நனையலாம்.
லாரித் தண்ணி பிடிக்கிற ஏழு குடமும் நனையலாம்,
அதுங்க பொறந்ததே அதுக்குத்தான்.
கேரம்போர்டு நனையக்கூடாது என்று
பையன் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.
என் டிப்ளமோ சர்டிபிகேட்?
'அது ஏற்கெனவே நனைஞ்சாச்சே' என்றாள்.
முத்திரை ஊதாவாக ஊறி
பாதி மார்க்கைத் தின்றிருந்தது.
இத்தனை நாளில் அன்றைக்குத்தான்
அதைப் பார்த்துச் சிரித்தோம்.

விளக்கு போடுகிற நேரம்.
'நனையலாம்' குவியலுக்கு அடியில்
கவிழ்த்துக் கிடந்தது ஒரு தகரம்.
திருப்பினேன்.
மஞ்சளில் சிவப்பு எழுத்து: வடிவு மெஸ்.
டிரெய்லர் டிரைவர்களுக்கு
சாம்பார் சாதமும் வஞ்சிரமும் போட்ட நாலு வருஷம்.
தண்ணீர் வந்த வாரத்தோடு நின்றுபோனது.

'இது எப்படி இதுல?'
'தகரந்தான. நனைஞ்சா என்ன?'
அரிசி களைந்துகொண்டிருந்தாள்.
திரும்பவில்லை.

பலகையில் ஏற்றினேன், கோட்டுக்கு மேலே.
பலகை நாலடி, போர்டு அஞ்சடி.
'ஸ்' மட்டும், தலையில் புள்ளியோடு,
வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.
கதவு இடிக்கிறது. கொண்டி விழவில்லை.

அன்சாரிக்கு ஃபோன் போட்டேன்.
பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தினான்:
'எத அறுக்கணும்ணே?
போர்டையா, கதவையா?'

ஸ்பீக்கரில் போட்டிருந்தது.
அரிசி களையும் சத்தம் நின்றது.

'கதவ' என்றாள்.