கடலில் ஒரு பல்

ஏழு வாரம்.
பாலர் பள்ளி பூட்டிய மறுநாள்
சென்ட்ரல் நிலையத்தில் உன்னை
என் அக்காவிடம் ஒப்படைத்தேன்.
இரண்டு பை, ஒரு தலையணை,
இருமினால் கொடுக்க வேண்டிய மருந்தின் பெயர்
என் கையெழுத்தில்.

அந்தச் சீட்டு
மடிப்புக் கலையாமல் திரும்பி வந்திருக்கிறது.

தொலைபேசியில் நீ இருந்ததே இல்லை, லோகிதா.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில்
பதினோராம் மாடிக் காற்றாடியைத்தான்
தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை.
"அப்பா, கொஞ்சம் இருங்க" என்று
மெத்தையில் என்னை மல்லாத்திப் போட்டுவிட்டு
ஓடிப்போவாய்.
இருந்தேன்.
தூரத்தில் யார் யாரோ சிரிப்பார்கள்.
அதில் ஒன்று உன்னுடையது என்று வைத்துக்கொண்டு
வேலைக்குத் திரும்புவேன்.
செந்தூல் பணிமனையில்
ரயில் பெட்டிக் கதவுகளைச் சரிபார்ப்பவன் நான்.
ஒரு நாளைக்கு நூறு முறை
திறந்து, மூடி,
திறந்து.

கூட்டி வரப் போன சனிக்கிழமை
படகுத்துறைக்கு எல்லோரும் வந்திருந்தீர்கள்.
நீ கறுத்திருந்தாய்.
காற்சட்டை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது.
என்னைப் பார்த்ததும் வாயை இறுக்கிக்கொண்டாய்.
கோபமோ என்று பயந்தேன்.
சேதியை உள்ளே அடக்கி வைத்திருந்தாய்.
"ஈ" என்றாய்.
கீழ்வரிசை நடுவில் ஒரு சன்னல்.

"எங்கே அது?"
நீ கடலைக் காட்டினாய்.

அத்தையின் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல்.
"அதோ, பட்டர்வொர்த் வந்துருச்சு" என்று
புவனேஸ் பொய் சொல்ல,
நீ தலையைத் திருப்பிய நொடியில்
ஒரே இழுப்பு.
கூரைமேல் எறிய வேண்டிய பல்;
பதினோராம் மாடியில் கூரைக்கு எங்கே போவது
என்று மாமாதான் சொன்னாராம்,
கடலுக்குக் கொடுத்துடு.

"அழுதியா?"
"கொஞ்சம். படகு ஹாரன் அடிச்சிச்சு.
யாருக்கும் கேக்கல."

திரும்பும் படகில்
கம்பியில் தொங்கிக்கொண்டு இடம் காட்டினாய்.
இங்க. இல்ல, அங்க.
இல்லப்பா, அந்தக் கப்பல்கிட்ட.
நீ காட்டிய எல்லா இடத்தையும் பார்த்தேன்.

அந்தப் பல் வந்த இரவு எனக்குத் தெரியும்.
காய்ச்சல். மின்தூக்கி பழுது.
உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒன்பது மாடியும் ஏறி இறங்கினேன்.
விடியும் நேரம் என் தோளைக் கடித்தாய்.
அதுவரை ஈறுதான். அன்றுதான் வலித்தது.
உன் அம்மாவை எழுப்பி
சட்டையை விலக்கிக் காட்டினேன்,
பதக்கம் வாங்கியவனைப் போல.

வந்தபோது நான் இருந்தேன்.
போனபோது புவனேஸ் இருந்தான்.
பதினோரு வயது. நல்ல பையன்.

ஏன் சொல்லவில்லை என்று
அக்காவிடம் கேட்டிருக்கலாம்.
ஒரு பல்லுக்கா ஃபோன் பண்ணுவாங்க என்பாள்.
அதுவும் சரிதான்.

நம் வீட்டுக்குள்
விருந்தாளி மாதிரி செருப்பை ஒழுங்காக வைத்தாய்.
அதற்கு முன், மின்தூக்கியில்,
மாடிகளை ஹொக்கியனில் எண்ணினாய்.
உனக்கு ஏழு வரைதான் தெரியும்.
மீதி இரண்டு மாடிக்குச் சும்மா விரலை மடக்கினாய்.
ராத்திரி ஒன்பதரைக்கு
"பசியாறியாச்சா?" என்று கேட்டாய்,
அச்சு அசல் என் அக்காவின் இழுவை.
அம்மாவுக்கென்று நீ வாங்கிய ஜாதிக்காய் ஊறல்
பைக்குள் கசிந்து
உன் சட்டையெல்லாம் வேறு யாரோ வீட்டு மணம்.
துவைக்கப் போட்டேன்.
ஒன்றை மட்டும் போடவில்லை.

இப்போது தூங்குகிறாய், வாய் திறந்தபடி.
கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால்
சன்னலின் அடியில்
அரிசி முனையளவு வெள்ளை.
நாக்கால்கூட நீ இன்னும் கண்டுபிடித்திருக்க மாட்டாய்.
பினாங்கில் யாரும் பார்க்கவில்லை.
நான்தான்.

வெளிச்சத்தை அணைத்தேன்.

உன் அம்மாவுக்கு
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
ஏழரைக்கு வருவாள்.
கையைக் கழுவிவிட்டு
முதலில் உன் வாயைத் திறக்கச் சொல்வாள்.
"ஏங்க, இங்க ஓடி வாங்க" என்று கத்துவாள்.

வாயில் பற்பசை நுரையோடு
நான் ஓடிவர வேண்டும்.
கண்ணை எவ்வளவு அகலமாக விரிப்பது என்று
இருட்டில் உட்கார்ந்து
பழகிக்கொண்டிருக்கிறேன்.