கையிருப்பு

பனாமா நகரத்து ஓட்டலில், இரண்டாம் மாடியில்,
ஏசியில் விறைத்துப்போன ஒரு மேசை.
மேலே மூன்று உறைகள்.
நடுவில் இருந்தது எங்களுடையது.
மெந்தோசாவிலிருந்து நெலிடா கத்தானியோ
விமானத்தில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்தது.

உள்ளே இருந்த எண்ணை எழுதியவன் நான்,
அவளுடைய லாரி கம்பெனிக்குப் பதினாறு வருடக் கணக்கன்.
முதல் நாள் இரவு எட்டு லட்சம் என்று எழுதினேன்.
பத்து, என்றாள்.
பல் துலக்கிவிட்டு வந்து, பன்னிரண்டு.
விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி
இன்னொரு பத்தாயிரம் போடு என்றாள்,
வேறு யாராவது பன்னிரண்டு என்றே எழுதியிருந்தால்?

எல்லாம் டாலரில்.
டிக்கெட் விற்கப்போவது பெசோவில்.

முதல் உறை: ஆறு லட்சத்து ஐந்தாயிரம்.
கடைசி உறை: ஆறு நாற்பது.
எங்களுடையதைப் பிரித்த அதிகாரி
ஒருமுறை படித்தார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.
தோற்ற இருவரும் எழுந்து வந்து கைகொடுத்தார்கள்.
அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றவர்களை
நான் பார்த்ததே இல்லை.

ஐந்து லட்சத்து எழுபதாயிரம் அதிகம்.
என் பேரேட்டில் அந்தத் தொகைக்குப் பெயர் இல்லை.
செலவு என்று எழுத முடியாது, நஷ்டம் என்றும் இன்னும் எழுத முடியாது.
இருட்டில், இல்லாத படியில்
கால் வைத்தது மாதிரி ஒன்று.

விதிப்படி சாம்பியனுக்கு நாலில் மூன்று பங்கு,
எங்கள் எலியோவுக்கு ஒன்று.
அதாவது எங்கள் பையனை எங்கள் ஊரில் வைத்தே அடிப்பதற்கு
வஹாகன் என்கிற வெளியூர்க்காரனுக்கு
ஒன்பது லட்சத்துச் சொச்சம் நாங்கள் கொடுக்கிறோம்.
இதை நெலிடாவிடம் சொன்னேன்.
அடித்துவிட்டால்தானே, என்றாள்.

பத்து நாளில் முன்பணம்.
திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கைமாற்று வாங்கினோம்,
பானங்கள் விற்கும் உரிமையை முன்கூட்டியே விற்றோம்.
ஒப்பந்தம் வரை வந்த தொலைக்காட்சி
பிறகு கைவிரித்தது.
ஜூனில் பெசோ விழுந்தது.
பத்து வரை எண்ண
அங்கே நடுவர் யாரும் இல்லை.

ஜூலையில் பயிற்சியில்
வஹாகனின் புருவம் கிழிந்தது, அரை அங்குலம்.
ஏழு வாரம் தள்ளிப்போனது.
அந்த அரை அங்குலத்துக்கு நான் போட்ட கணக்கு
இரண்டு பக்கம் வந்தது: அரங்க வாடகை, தேதி தப்பான போஸ்டர்கள்,
அவனுடைய ஆட்கள் பதினோரு பேருக்கு மறுபடி விமானம்,
அதில் ஒருவன் சமையற்காரன்.

சண்டை நாளன்று மலையிலிருந்து சொந்தா இறங்கியது,
மூக்கில் ரத்தம் வரவைக்கும் அந்தச் சூடான காற்று.
வீட்டை விட்டு யாரும் வெளியே வராத நாள்.
எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள்,
நான் நாற்காலிகளைப் பார்த்தேன்.
ஒன்பதாயிரத்தில் ஐயாயிரத்து முந்நூறு.

ஆறாம் சுற்று முடிந்தது.
முதல் வரிசையில் நெலிடா
கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.
மூலையில் ஸ்டூலில் இருந்த எலியோ அதைப் பார்த்துவிட்டான்.
பல்காப்பை எடுத்ததும், தண்ணீர் கூடக் குடிக்காமல்,
கயிற்றுக்கு மேலே கத்தினான்:
ஒரு கை போதாது அம்மணி!
இரண்டையும் தூக்கி வை, இப்படி!
கையுறைகளைத் தன் இரு கன்னங்களிலும் ஒட்டிக் காட்டினான்.

அவள் வைத்தாள்.
பன்னிரண்டாம் சுற்று வரை
எடுக்கவில்லை.

எலியோ ஜெயித்தான், புள்ளிகளில், ஒரு நடுவர் மாறுபட.
மறுநாள் நான்கு லாரிகளுக்கு விலை கேட்க ஆள் வந்தது.
கையிருப்பு என்ற கட்டத்தில்
ஒரு பெல்ட் என்று எழுதிவிட்டு அடித்தேன்.
அதுவும் அவனுடையது.

மார்ச்சில் அடுத்த ஏலம்.
சாம்பியனின் பங்கு இனி எலியோவுக்கு,
பனாமாவில் கைகொடுத்த இருவரும் இப்போதே
அவனுக்குப் போன் செய்கிறார்கள்.

நேற்று சாயந்திரம் நெலிடா கேட்டாள்,
உன்னிடம் உறை ஏதாவது இருக்கிறதா?
இருக்கிறது, என்றேன்.
இழுப்பறையைத் திறக்கவில்லை.