அழைப்புப் பட்டியல்

சங்ககிரி சார்பு நீதிமன்றத்தில்
இரண்டு மின்விசிறியில் ஒன்று ஓடாது.
ஓடாததன் கீழ்தான் எனக்கு எப்போதும் இடம்.
கூண்டில் லாரி ஓட்டுநர், வயது முப்பத்து நாலு.
மணவிலக்கு கேட்பவள் அவன் மனைவி,
நான் அவள் வக்கீல்.
பதினொரு மாத அழைப்புப் பட்டியலைக்
குறியீடு செய்யச் சொல்லி நீட்டினேன்.

சத்தமாகவே படித்தேன்.
நாற்பத்திரண்டு வினாடி. முப்பத்தொன்று. பத்தொன்பது.
ஒரு நிமிடம் நாலு வினாடி, அது ஆயுதபூஜை அன்று.
இவ்வளவுதானா உங்கள் குடும்பம் என்றேன்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
நாக்பூர் தாண்டி ஓரம் கட்டினா
காசு கேப்பாங்க சார் என்றான்.
என்னதான் பேசினீர்கள்?
சாப்டியான்னு கேட்டேன்.
அப்புறம்?
யோசித்தான்.
அவ்ளோதான் சார்.

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.
தீர்ப்புக்கு இருபத்தேழாம் தேதி.
பிரமாதம் சார் என்று
ஜூனியர் தேவசகாயம் டீக்குக் காசு கொடுத்தான்,
அவன் கொடுப்பது அபூர்வம்.

ஈரோட்டிலிருந்து வரும் இரவு வண்டியில் ஏறினேன்.
நாளை சென்னை, வெள்ளிக்கிழமை மதுரைக் கிளை,
திங்கள் மேட்டூரில் ஒரு வாய்க்கால் தகராறு.
சூரமங்கலத்தில் என் வீடு.
இந்த மாதம் நாலு ராத்திரி அங்கே தூங்கியிருக்கிறேன்.

கோகிலம் அழைத்தாள்.
எந்தப் பெட்டி?
எஸ் நாலு.
வைத்துவிட்டாள்.
திரையில் ஏழு வினாடி.

விரலால் மேலே தள்ளிப் பார்த்தேன்.
நேற்று இருபத்தாறு.
அரூர் போன அன்று பதினான்கு, மாத்திரை போட்டீங்களா.
கேஸ் சிலிண்டர் வந்த அன்று முப்பத்து மூன்று.
மாசி முழுக்கக் கூட்டினாலும்
ஒரு மிக்சர் பொட்டலம் தீரும் நேரம் வராது.

சேலம் ஜங்ஷனில்
எஸ் நாலு எங்கே வந்து நிற்குமோ
அந்தக் குழாயடியில் நின்றிருந்தாள்.
வெளுத்த சட்டைகள், கஞ்சி போட்ட கழுத்துப்பட்டை இரண்டு,
தயிர்சோறு, எல்லாம் ஒரே மஞ்சள் பையில்.
என் அழுக்குப் பையை வாங்கிக்கொண்டாள்.
ஐந்து நிமிடம் வண்டி நிற்கும்.
மூணாவது பித்தான் தொங்குது, ஊசி சைடு ஜிப்புல இருக்கு.
மோட்டார் மறுபடி ஓடல.
யாழினி கணக்குல எழுபத்தெட்டு, திட்டாதீங்க.
இன்னிக்கு என்ன கேஸ்?

சொன்னேன். வினாடிகளோடு சொன்னேன்.
சிரிப்பாள் என்று அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தவும் செய்தேன்.

சாப்டியான்னு கேட்டதுக்கு
அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சாம்?

என் கட்சிக்காரிதான்.
நகை கேட்டேன், சீர் கேட்டேன்,
குடி உண்டா, கை நீட்டினானா, எத்தனை தடவை,
ஒன்றையும் விடவில்லை.
இருபத்தொரு வருஷ பிராக்டிஸ்.
இதைக் கேட்கவில்லை.

வண்டி நகர்ந்தது.
கையசைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.
என் பெட்டி பிளாட்பாரம் தாண்டுமுன்
அவள் மேம்பாலப் படியில் இருந்தாள்.

டேனிஷ்பேட்டைக்குப் பிறகு சிக்னல் போய்விடும்.
சேர்வராயன் மலை இருட்டாகக் கூடவே வந்தது,
உச்சியில் ஏற்காட்டு விளக்குகள் எட்டோ பத்தோ.
லோக்கூரில் அழைத்தேன், போகவில்லை.
மறுபடி அழைத்தேன்.
பொம்மிடியில் ஒரு கோடு முளைத்தது.

என்ன, டிக்கெட்டைத் தொலைச்சுட்டீங்களா?
இல்ல. சாப்டியா?

ஒன்றும் கேட்கவில்லை கொஞ்ச நேரம்.
தெருநாய் ஒன்று அவள் பக்கத்திலிருந்து குரைத்தது.
மணியப் பாருங்க என்றாள்.
பிறகு ஏதோ சொன்னாள், விட்டு விட்டு வந்தது:
டப்பா... மூடி சரியில்ல... படுக்க வைக்காதீங்க...

இருபத்து மூன்று வினாடி.

பையைப் பிரித்தேன்.
பட்டை ஒன்றில் தயிர் ஏறியிருந்தது.
அதற்குத்தான் எப்போதும் இரண்டு வைப்பாள்.