நாற்பது அடி

"ரோடு எப்படி?" என்றார் ஜெகபர் அண்ணன்.
"எந்த ரோடு?" என்றேன்.
கூத்தாநல்லூரில் இருபது வருஷமாக சைக்கிள் விற்பவர்
நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

லஸ்கர் வேலைக்கு ஆர்டர் வந்து ஒன்பது நாள்.
தலைப்பிலிருந்து கடைமடை வரை
பதினோரு கிலோமீட்டர், ஏழு மதகு,
ஒவ்வொன்றிலும் தண்ணீர் எத்தனை அடி
என்று தினம் நோட்டில் எழுத வேண்டும்.

பாலம் வரைக்கும் தார்.
அங்கே ஒல்லி டயர் வண்டி
துணி கிழிகிற சத்தத்தோடு போகும்.
அப்புறம் கரை.
பங்குனியில் வெடித்து முன்சக்கரத்தைக் கவ்வும் களி
ஐப்பசியில் மட்கார்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்,
குச்சியால் நோண்டினால்தான் இறங்கும்.
கரை நெடுக சீமைக்கருவேல் முள் வேறு.

"கியர் வண்டி பாரும்மா. இருபத்தொண்ணு."
"மேடே இல்லாத ஊர்ல எதுக்கு பாய்?"
பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டான் நிஜாம்.
மேடு இருக்கிறது, தம்பி.
ஆடி மாசம் மேற்கிலிருந்து வரும்.
திரும்புகிற நேரம் பார்த்து
நெஞ்சில் கைவைத்துத் தள்ளும்.
பதினோரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு முழம் இறக்கம் கிடையாது.
கியர் இருந்தால் நல்லதுதான்.
ஆனால் பல்சக்கரத்தில் களி ஏறிவிட்டால்
இருபத்தொன்றும் ஒன்றுதான்.

"அப்ப லேடீஸ் வண்டி எடு,
கூடை இருக்கு, நோட்டு வைக்கலாம்."
"குறுக்குக் கம்பி இல்லையே."
"ஏறி இறங்க அதுதானே சௌகரியம்?"
ஏறுவதற்கு இல்லை, அண்ணே.
தோளில் மாட்ட.

அஞ்சாம் மதகுக்கும் ஆறாம் மதகுக்கும் நடுவே
போன வெள்ளத்தில் கரை போய்விட்டது.
நாற்பது அடி. இடுப்பளவு தண்ணீர்.
எனக்கு முன்னால் இருந்தவர் மொபெட் வைத்திருந்தார்.
ஆறையும் ஏழையும்
வீட்டிலிருந்தே எழுதினார்.

பதினோரு கிலோமீட்டர் அது என்னைச் சுமக்கும்.
நாற்பது அடி நான் அதைச் சுமப்பேன்.
அந்த நாற்பது அடிக்குத்தான்
வண்டி வாங்க வந்திருக்கிறேன்.

கடையில் இருந்த ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன்.
முன்னால் ஸ்பிரிங் வைத்தது கழுத்தை ஒடித்தது.
பால்காரர் வாங்கும் கறுப்பு வண்டி அசையவே இல்லை.
டீக்கடையிலிருந்து நாலு பேர்
கிளாஸோடு வந்து நின்றார்கள்.
ஒருவர் "பளு தூக்குற போட்டியா?" என்றார்.
அடுத்ததைத் தூக்கினேன்.

மூலையில் ஒன்று, சாம்பல் நிறம்,
கியர் இல்லை, தடித்த டயர்,
யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராமல் போனது.
கம்பி தோளெலும்பில் வந்து சரியாக உட்கார்ந்தது.
மட்கார்டு ரெண்டையும் கழற்றச் சொன்னேன்.
"முதுகெல்லாம் சேறாகுமே."
ஆகட்டும். சக்கரம் சுற்றினால் போதும்.
கழற்றியதற்கு இருநூறு குறைத்தார்.

மறுநாள் அந்த உடைப்பில் இறங்கினேன்.
நோட்டைப் பல்லில் கடித்திருந்தேன்.
தோள்மேல் முன்சக்கரம்
காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டே வந்தது,
யாரோ மிதிக்கிற மாதிரி.

ஆறாம் மதகு: மூன்றடி இரண்டு அங்குலம்.
முந்தைய பக்கம் புரட்டிப் பார்த்தேன்.
எட்டு மாசமாக அங்கே
நாலடி.