நோட்டம்

ரீனோவில் ஜன்னல் இல்லாத அறை.
கறுப்புத் துணி விரித்த மேசை, ஒற்றை விளக்கு,
அதிலும் பழைய காலத்து பல்பு:
வேறெந்த வெளிச்சமும் வெள்ளியிடம்
இவ்வளவு கறாராகப் பேசுவதில்லை.

ஒரு காசுக்குப் பத்து விநாடி.
விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும்,
தூங்கும் பிள்ளையின் கண்ணாடியைக் கழற்றுவதுபோல.
யாருடையது என்று தெரியக்கூடாது.
எண்ணாக வரும். எண் போட்டு அனுப்புவேன்.

ஒன்றிலிருந்து எழுபதுவரை ஏணி.
ஒன்று என்றால் வட்டம் மட்டுமே மிச்சம்;
எழுபது என்றால் உலகம் இன்னும் தொடவில்லை.
என் பிழைப்பெல்லாம்
அறுபத்து மூன்றுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே
அந்த முட்டுச்சந்தில்.

இன்று பதினோராவது தட்டில்
கார்சன் சிட்டி டாலர்,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
இங்கிருந்து முப்பது மைல் தெற்கே பிறந்தது.
காதுக்கு மேல் கூந்தல் மழுங்கியிருக்கிறது.
புதிதாய் வந்தவர்கள் தேய்மானம் என்பார்கள்.
தேய்ந்த இடம் சாம்பல் பூத்திருக்கும்;
இங்கே பளபளப்பு அப்படியே இருக்கிறது.
அச்சு அன்று அரைமனதாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.
பிறவிக் குறைக்கும் பட்ட காயத்துக்கும்
வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கன்னத்தில் சில்லறைக் கீறல்கள்.
ஆயிரம் பேரோடு ஒரே சாக்கில் கிடந்தவளுக்கு
அவை இல்லாவிட்டால்தான் சந்தேகம்.
தாடைக்குக் கீழே, காற்புள்ளிபோல் ஒரு வெட்டு.

காற்புள்ளி.
எனக்கு இவளைத் தெரியும்.

நான்கு வருஷம் முன்பு அறுபத்து மூன்று போட்டேன்.
யாரோ பிளாஸ்டிக் உறையை உடைத்து மறுபடி அனுப்பினார்கள்.
அடுத்த வருஷம் அறுபத்து நான்கு.
"ஓரமெங்கும் இயற்கையான பொன்னிறம், அழகு" என்று
குறிப்பு வேறு எழுதினேன்.
அந்த ஓர் எண்ணின் விலைக்கு
ஓடுகிற நிலையில் ஒரு பிக்கப் வண்டி வாங்கலாம்.

இன்று பொன்னிறம் இல்லை.
சாய்க்கிறேன். ஒளி சக்கரமாய்ச் சுழல வேண்டும்.
சுழல்கிறது, பாதியில் தடுக்கி விழுகிறது.
மயிரிழைக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில்:
யாரோ சட்டை நுனியால்
ஆசையாக, ஒரே ஒரு தரம் துடைத்திருக்கிறார்கள்.

எப்போது துடைத்தார்கள் என்று யோசித்தேன்.
பிறகு யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

பிப்ரவரியில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள்.
கட்டவிழ்த்த அன்று எங்கள் குளியலறைச் சுவர்
வெள்ளை என்று கண்டுகொண்டேன்.
கிரீம் நிறம் என்று டெல்மரிடம்
எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்பேன்.
அப்படியென்றால் அந்தப் பொன்னிறம்
காசின் ஓரத்தில் இருந்ததா,
என் ஓரத்தில் இருந்ததா?

வெண்டலைக் கூப்பிட்டேன். அவர் சொல்வதே இறுதி.
ஏழு விநாடி பார்த்தார்.
"துடைத்த காசு. எண் கிடையாது."
"போன தடவை நான்தான் அறுபத்து நான்கு..."
"ஞாபகத்துக்கு நமக்குச் சம்பளம் இல்லை, ஐடோயா.
படிவத்தின் அடியில் படித்துப் பார்.
அபிப்பிராயம் என்றுதானே போட்டிருக்கிறோம்,
உண்மை என்றா?"

அன்று அந்த அறுபத்து நான்கில்
அவர் கையெழுத்தும் இருந்தது.
அவருக்குக் கண்புரை இல்லை.

தட்டச்சு செய்தேன்: துடைக்கப்பட்டது.
எல்கோவிலோ ஒஹாயோவிலோ ஒருவர்
பார்சலைப் பிரித்துவிட்டு
நாற்காலியைத் தேடப் போகிறார்.
எத்தனையோ வங்கிப் பெட்டகங்களில்
நான் எண் போட்ட மற்றவை, பல்லாயிரம்,
என் பழைய மஞ்சளோடு சேர்த்து சீல் வைக்கப்பட்டு
நிம்மதியாகத் தூங்குகின்றன.

மதியம் நடைவழி இயந்திரத்தில்
காப்பிக்குக் கடைசிக் கால் டாலரைப் போட்டேன்.
துப்பியது.
எடுத்துப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை.
அதையே மறுபடி போட்டேன். துப்பியது.
ஜீன்ஸில் இரண்டு தேய் தேய்த்து
மூன்றாம் தரம் போட்டேன்.

உள்ளே எங்கோ விழுகிற சத்தம்.
கோப்பை கோணலாக இறங்கியது,
காப்பி பாதி வெளியே.