வழிகாட்டுநர் கையொப்பம்

சுற்றறிக்கை சொன்னது:
புதிதாய்ச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டுநர்.
பருவத்துக்கு ஆறு அமர்வுகள்.
ஒவ்வொன்றும் அரை மணிக்குக் குறையாமல்.

வரிசை எண் ஒன்பது:
முனைவர் மா. உலகம்மாள், புள்ளியியல்.
நாற்பத்து மூன்று வயதில் நான் புதியவள்.
பதினான்கு வருடம் மணிக்கணக்குக்குப் பாடம் எடுத்தவள்,
வள்ளியூரில், சங்கரன்கோவிலில், பேட்டையில்,
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம்
திட்ட விலக்கச் சூத்திரத்தோடு.

என் வழிகாட்டுநர் ஜெபக்கனிக்கு முப்பத்து நான்கு.

அவள் அறையில் இரண்டாவது நாற்காலி இல்லை.
ஆய்வகத்திலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்தேன்.
"உக்காருங்கக்கா" என்றாள்,
"மேடம்" என்று திருத்தினாள்,
அப்புறம் வெகுநேரம் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.
"மத்தியானத்துக்கு மேல ஆபீஸுக்குப் போயிராதீங்க,
சாப்பிட்டதும் கோப்பும் தூங்கிரும்.
எந்தக் கமிட்டிக்கும் சரின்னு சொல்லுததுக்கு முன்னால
ஒரு ராத்திரி கழியட்டும்."
அரை மணி முடிய பதினோரு நிமிடம் இருந்தது.
பிரிண்டரில் காகிதம் சிக்கும் இடத்தைக் காட்டினாள்.

இரண்டாம் அமர்வில் என் நோட்டைப் பார்த்துவிட்டாள்.
திங்கள் மூன்று மணி. செவ்வாய் நான்கு. புதன் இரண்டு.
"இது என்னக்கா?"
"கணக்கு."
"யாருக்குக் குடுக்க?"
ஆனிக் காற்று அபிஷேகப்பட்டிப் பொட்டலை அள்ளி
ஜன்னலில் வீசிக்கொண்டிருந்தது.
மே மாதத்துக்கென்று எங்கள் வீட்டில்
அரிசி அளக்கச் சின்ன உழக்கு ஒன்று தனியாக உண்டு
என்பதை நான் சொல்லவில்லை.

மூன்றாவது, பஸ்ஸில் நடந்தது.
பேட்டை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினோம்.
இடம் கிடைத்ததும் இருவரும் தூங்கிப்போனோம்.
விவாதித்த பொருள்:
கற்பித்தல் முறைகள்.

நான்காம் அமர்வில் அவளே கதவைச் சாத்தினாள்.
"போர்டுப் பக்கம் திரும்பினாலே சிரிக்கானுவக்கா.
எட்டு கட்டுரை எழுதியிருக்கேன்.
அறுபத்திரண்டு பேருக்கு முன்னால குரல் உள்ள போயிருது.
நீங்க எப்படி, பதினாலு வருசம்?"

எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.
முதல் நாள் பாடம் எடுக்க மாட்டேன்.
எந்த ஊர், எந்த பஸ் என்று கேட்பேன்.
மானூர். ஆலங்குளம். சீதபற்பநல்லூர்.
முக்கூடலில் இரண்டு வண்டி மாறி வருகிறவன் ஒருவன்.
அந்த ஊர்களையே கரும்பலகையில்
நிகழ்வெண் பட்டியலாய்ப் போடுவேன்.
பிறகு யாராவது பிந்தி வந்தால்
எந்த வண்டியை விட்டான் என்று வகுப்புக்கே தெரியும்.
சிரிப்பு இருக்கும். அது என்னைப் பார்த்து இருக்காது.

அவள் எழுதிக்கொண்டாள், மாணவி மாதிரி அல்ல,
கடன் வாங்குகிறவள் மாதிரி.

படிவம் திரும்பி வந்தது.
"நாலாவதுல வழிகாட்டுநர் இடத்துல உங்க கையெழுத்து கெடக்கு மேடம்,"
கண்காணிப்பாளர் சங்கரநயினார் வெள்ளை மையைக் குலுக்கினார்,
"தெரியாம போட்டிருப்பீங்க."
நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ஐந்தாவதைப் பற்றி எழுத மாட்டேன்.
அன்று ஜெபக்கனி பேசினாள், நான் கேட்டேன்.
படிவத்துக்கு அதில் பங்கில்லை.

ஆறாவது, கார்த்திகை மழையில்.
"தற்செயல் விடுப்பு ஒண்ணுகூட எடுக்கலியேக்கா.
டிசம்பரோட போயிரும்."
"காய்ச்சலும் வரல, கல்யாணமும் வரல."
"சும்மா எடுங்க."
"சும்மா எடுத்தா, அந்த மணி?"
அவள் பதில் சொல்லாமல் விண்ணப்பத்தை நகர்த்தினாள்.
பெயர் எழுதினேன். துறை எழுதினேன்.
காரணம் என்ற கோட்டில் பேனா நின்றது.

"எல்லாரும் எழுதுததுதான்.
சொந்த வேலைன்னு போடுங்க."

சொந்த, என்று எழுதினேன்.
மழைக்குள் எங்கேயோ ஆலங்குளம் வண்டி ஹாரன் அடித்தது.
வேலை, என்று எழுதினேன்.
மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
பழைய பழக்கத்தில்
பக்கத்திலேயே நேரத்தையும் குறித்தேன்:
மூன்று நாற்பது.